மரத்தின் மேல் போட்ட பழி

எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் கொரியாவிலிருந்து வந்த மரம் இருந்தது. கம்பெனிகளுக்கு மிஷின் வந்து இறங்கும் பெரிய பெரிய பெட்டிகளைப் பிரித்ததும் பைன் பலகையும் பிளைவுட்டும் காயலான் கடைக்கு வந்துவிடும். அங்கிருந்து கட்டிலாகவும் அலமாரியாகவும் கோழிக்கூண்டாகவும் ஸ்ரீபெரும்புதூர் முழுக்கப் பரவும். என் வீட்டுக்காரர் மட்டும் அதில் டிரம் செய்தார். கட்டில் கேட்டு நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். ஆனாலும் பாயில்தான் படுத்தோம்.

அவர் தூத்துக்குடிப் பக்கம். வேலைக்கென்று இங்கே வந்து, கார் கதவுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர். வாரமெல்லாம் அவர் வெறும் கார்டு நம்பர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் போதும், கூன் விழுந்த முதுகு தானாக நிமிர்ந்துவிடும். நான் பாடகர் குழுவில் நின்றுகொண்டு அந்த முதுகைப் பார்த்துத்தான் விழுந்தேன். வேறு எதைப் பார்த்து விழுவது, மனுஷன் ஒல்லிக்குச்சி. இந்த ஸ்டூலைப் பிடுங்கிவிட்டால் இவரிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று கல்யாணத்தன்றே எனக்குள் ஒரு பயம் இருந்தது.

சர்ச்சில் இருந்தது துருப்பிடித்த ஒரு ஸ்னேர் டிரம். அதன் அடித்தோலை ஒட்டிக் கம்பிச்சுருள்கள் வரிசையாகப் படுத்திருக்கும். அவை தோலில் உரசுவதால்தான் அந்தச் சளசளப்பு வருகிறது. பக்கத்தில் ஒரு சின்ன லிவர். கீழே அழுத்தினால் கம்பிகள் தோலை விட்டு விலகிவிடும். அப்போது அது வெறும் கொட்டு. பிரசங்கம் தொடங்கியதும் அந்த லிவரைக் கட்டைவிரலால் இறக்கிவிடுவது அவருக்கு வழக்கம். இல்லையென்றால் ஸ்பீக்கரில் ஆயர் பேசப் பேச, அந்த அதிர்வுக்குக் கம்பிகளும் கூடவே முணுமுணுக்கும்.

பழைய டிரம்மின் இரும்பு உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டி பிளைவுட்டில் புது உடம்பு செய்தார். ஷெல் என்பார் அதை. மெல்லிய தகடுகளாகப் பிரித்து, தண்ணீரில் ஊறவைத்து, என்னுடைய அலுமினியக் குண்டானைச் சுற்றி வளைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டினார். குண்டான் போனது போனதுதான். அதில் சோறு வடித்தால் பசை நாற்றம் அடித்தது.

ஆனால் அந்த டிரம் பேசியது பாருங்கள்! அடித்தால் முதலில் அடிவயிற்றில் ஒரு கனம், அதன் மேலாக முறத்தில் அரிசி புடைப்பது மாதிரி கம்பியின் சத்தம். அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஷெல் மெலிசாக இருந்தால் தோலோடு சேர்ந்து மரமும் அதிருமாம். சத்தம் தாழ்வாக, இதமாக, அகலமாக வரும். தடியாக இருந்தால் மரம் அசையாது; தோலின் சத்தம் அப்படியே கூராக, தூரமாகப் பாயும். பைன் மாதிரி மிருதுவான மரம் சத்தத்தின் முனையை மழுக்கும், இறுகிய மரம் தீட்டிவிடும். இதையெல்லாம் சோற்றுத் தட்டின் விளிம்பைத் தட்டித் தட்டி விளக்குவார். எரிச்சலாகவும் இருக்கும், கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலவும் இருக்கும்.

சில வருஷம் கழித்து, அந்த டிரம் செத்துப்போச்சு என்று ஆரம்பித்தார். கம்பிச் சத்தமே எழும்பவில்லையாம். மழையில் மரம் ஈரம் குடித்துவிட்டது என்றார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இருந்தாலும் டிரம் விஷயத்தில் அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது அபூர்வம்.

பிளைவுட்டில் இன்னும் சில அடுக்கு ஏற்றி ஒன்று செய்தார். போதவில்லை என்றார். ஒரகடத்தில் ஒரு மரக்கடைக்காரரைப் பிடித்து, பலாப்பலகைத் துண்டுகளை வளையமாக ஒட்டி, விரல் கனத்துக்கு ஒன்று செய்தார். அதுவும் ஆகவில்லை. கடைசியில் வேங்கை. தூக்கினால் கை இறங்கிவிடும், அவ்வளவு தடி. அந்த டிரம்மை அடித்தால் காதுக்குள் ஊசி இறங்கும். முன் வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. ஆயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொல்லும்மா என்றார். இவரோ தோலை இன்னும் முறுக்கிக்கொண்டே, மரம் சரியில்லை, மரம் சரியில்லை என்று புலம்பினார். வீடெல்லாம் மரத்தூள், பசை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் இன்னொன்றும் சொன்னார். செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கத்துக் கொசு ஊர் அறிந்தது. கல்யாணமான புதிதில் காதோரம் ஒரு ஙொய் கேட்டாலே எழுந்து, கை தட்டித் தட்டியே பொழுதை விடிய வைப்பவர், இப்போது நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நம்ம வீட்டில் கொசு குறைந்துவிட்டது என்றார். நான் என் கையை நீட்டிக் காட்டினேன். முழங்கை வரை தடிப்பு. உனக்கு ரத்தம் இனிப்பு என்று கிண்டல் பண்ணினார். நானும் சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

அறுப்பின் பண்டிகை அன்று சர்ச் நிறைந்திருந்தது. வாசலில் பூசணியும் வாழைத்தாரும் ஏலத்துக்குக் காத்திருந்தன. ஆயர் பிரசங்கத்தைத் தொடங்கினார். அவர் வாயைத் திறந்த உடனே டிரம்மும் கூடவே இரைந்தது. லிவரை இறக்க இவர் மறந்திருந்தார். ஆயர் நிறுத்தினார், அதுவும் நின்றது. மறுபடி பேசினார், மறுபடி இரைந்தது. மொத்த சபையும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சாந்தத்தோடு பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். பாடகர் வரிசையிலிருந்து இறங்கிப் போய், அவர் முழங்காலைத் தாண்டிக் கையை விட்டு நானே லிவரை இறக்கினேன். அவர் என்ன என்பது போல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிரசங்கம் முடிந்து பாட்டு வந்தது. லிவரை மேலே ஏற்ற எனக்குத் தோன்றவில்லை. கம்பி இறங்கியே கிடந்தது அவருக்குத் தெரியவும் இல்லை. பாட்டு முழுக்க டொம் டொம் என்று மொட்டையாக அடித்தார். கீபோர்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசி அடி விழுந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, நன்றாக வாசித்த நாளில் செய்வாரே, அதே மாதிரி புருவத்தைத் தூக்கிச் சிரித்தார். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். கம்பியை ஏற்றி ஒரு அடி, இறக்கி ஒரு அடி அடித்து, எது எது என்று கேட்டேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். தப்பாகச் சொன்னார். மறுபடி அடித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்து, குச்சியை என் கையிலிருந்து வாங்கி, லிவரைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே தானே அடித்துப் பார்த்தார்.

"யோவ், மரத்துல ஒண்ணும் இல்லய்யா," என்றேன். "உனக்குத்தான் கேக்கல."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்திருந்தால் தேவலை. அடுக்கி வைத்திருந்த ஷெல்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிளைவுட், பலா, வேங்கை.

"அப்போ மரமெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு, என்னா புள்ள?" என்றார்.

நான் ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை. அன்றைக்குத்தான் கொசுவும் எனக்குப் புரிந்தது.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, மெல்லிய, கூரான சத்தங்கள் எல்லாம் போய்விட்டன, நரம்பு போனால் திரும்பாது என்றார். பிரஸ் ஷாப் இரைச்சலுக்குக் காதடைப்பான் கொடுத்திருந்தார்கள்தான். அதைப் போட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, கேட்காவிட்டால் திட்டு. அதனால் யாருமே போடுவதில்லையாம். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. மரத்தின் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்த நாட்களே நன்றாக இருந்தன.

ஸ்டூலை விடச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. அவராகவே விட்டார். பாடகர் குழுவிலேயே ஒருவர் வாசிக்க முன்வந்தார். அவரிடம் கொடுக்க இவர் எந்த டிரம்மை எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதன்முதலில் செய்த பிளைவுட் ஷெல்லைத் துடைத்து, விளிம்பு வளையமும் கம்பியும் மாட்டி, தோலை முறுக்கினார். ஒவ்வொரு முறுக்குக்கும் நான் அடித்து, சத்தம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் ஷெல்லை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மெலிசு அல்லவா, கைக்குள் அதிரும். "இது பேசுது," என்றார். முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி இருக்கா என்று கேட்டார். இருக்கு என்றேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆண்கள் பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதுகு மறுபடி கூனிவிட்டது. நான் பாடகர் வரிசையிலிருந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பாட்டு முடிந்து, ஆயர் மைக்கைப் பிடித்துப் பிரசங்கத்தைத் தொடங்கும்போது, வேட்டியின் மேல் கிடக்கும் அவருடைய கட்டைவிரல் மட்டும் ஒரு தரம் கீழே அழுத்தும்.