மூன்றாவது சாவி

என் தங்கை புருஷனுக்குப் பூட்டு ரிப்பேர்தான் தொழில். ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுகிற மனுஷன், மகள் அறைக் கதவுக்கு மட்டும் ஒரு தாழ்ப்பாள் கூட வைக்கவில்லை. யாரையும் நம்பமாட்டார். டீக்கடையில் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். நாள் முழுக்க உடைத்த பூட்டுகளையே பார்க்கிறவருக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்?

மகள் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள். கெட்டிக்காரிதான். ஆனால் இன்டர்வியூவில் கேள்வி கேட்டால் வாயில் கொழுக்கட்டை வைத்தமாதிரி உட்கார்ந்திருப்பாள். கடைசியில் விடையை மட்டும் காட்டுவாள். நீ எப்படி யோசிக்கிறாய் என்றே தெரியவில்லையே என்று இரண்டு இடத்தில் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் போனால் அப்பா கடையில் உட்கார்ந்து சாவி ராவ வேண்டியதுதான்.

அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, யோசிப்பதையெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பழகினாள். மாப்பிள்ளைக்கு அங்கேதான் பொறி தட்டியது.

"உள்ள எவன்கிட்டயோ பேசுறா, மச்சான்."

"எவன்கிட்டயாவது 'சின்னதை இடது பக்கம் தள்ளுறேன்'னு பேசுவாளா, மாப்ளே?"

"அது அவங்களுக்குள்ள ஏதோ குறிப்பு."

இன்டர்வியூ வீட்டிலிருந்தே, கேமரா முன்னால். நான் அன்று அவர்கள் வீட்டுக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவர் கதவில் காதை ஒட்டவைத்து நின்றார். தாழ்ப்பாள் இல்லாத கதவு ஆள் பாரம் தாங்குமா? திறந்துகொண்டது. பாதி உடம்பு உள்ளே போய்விட்டது.

திரையில் கேள்வி கேட்ட அம்மாள் நிறுத்திவிட்டார்.

"யாரும்மா அது? விடை சொல்ல ஆள் வச்சிருக்கியா?"

"எங்கப்பாங்க. பூட்டு ரிப்பேர் பண்றவரு."

"அதான் கதவு தானாத் திறக்குதா? கேமராவுல தெரியிற மாதிரி உக்காரச் சொல்லு. கை ரெண்டும் மேஜை மேல இருக்கணும். நான் கேள்வியை மாத்துறேன்."

நீளமான பெயர்ப் பட்டியலில் இரண்டு தடவை வந்த பெயர்களைப் பிடிக்கவேண்டும். அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். இவருக்கு ஒரு எழவும் புரியவில்லை; பழக்க தோஷத்தில் புருவத்தைத் தூக்கினார். சின்ன வயதிலிருந்து அந்தப் புருவத்துக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவள் சட்டென்று நின்றாள்.

"ஒரு நிமிஷம். பட்டியல்ல பேரே இல்லைன்னா இந்த புரோகிராம் தடுமாறிடும். அதை முதல்லயே பாத்துக்கிறேன்."

"உங்கப்பா புருவத்துல சைகை காட்டுறாரா?"

"பொறந்ததுலேர்ந்து அப்படித்தாங்க."

"சுவரைப் பாத்துத் திரும்பி உக்காரச் சொல்லு."

திரும்பினார். சொந்த வீட்டில், சொந்த மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் அவள் விடாமல் பேசி முடித்தாள்.

வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் அறைக்கு உள்ளிருந்து பூட்டுகிற கதவு இருக்கவேண்டும் என்று அந்த அம்மாள் நிபந்தனை போட்டிருந்தார்.

மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கதவைத் துளைத்தார். நல்ல பூட்டாகத்தான் போட்டார், குறை சொல்லக்கூடாது. திருகாணியைக் கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு மகள் கையில் சாவிகளைக் கொடுத்தார். அவள் எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டுதான் இருக்கு. இந்தப் பூட்டுக்கு மூணு வருமேப்பா."

"எவன் சொன்னான்?"

"நீங்கதான். கடையில எல்லார்கிட்டயும் சொல்வீங்களே, மூணையும் எண்ணி வாங்குங்கன்னு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் புருவம் ரெண்டும் மேலே ஏறியிருந்தன.