பங்கு பிரிக்காத புகைபோக்கி

லபீபேயைப் பற்றி கஃபர் லூஸ் என்ற அந்த மலையூரில் யாரைக் கேட்டாலும் முதலில் உப்புக் கதையைத்தான் சொல்வார்கள். அவள் மணமாகி வந்த புதிதில் இறைச்சியும் கோதுமையும் இடித்துத் தன் கையால் செய்த கிப்பே உருண்டையை ஓரகத்தி ஓதெத் கடித்துப் பார்த்துவிட்டு, "புதுப் பொண்ணுக்குக் கடல்பக்கம் சொந்தம் போல, உப்பு மூட்டையோட வந்திருக்கா" என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சொன்னாள். லபீபே சிரித்தாள். அன்று முதல் ஓதெத் குடியிருந்த மேல்மாடிக்கு அனுப்பிய எந்தத் தட்டிலும் அவள் உப்புப் போடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் காய்ச்சிய பருப்புக் கஞ்சியைப் பிள்ளைகள் வழித்து நக்கிக்கொண்டிருந்த காலம் முழுவதும், ஓதெத் மட்டும் "பாவம், அவளுக்குச் சமையல் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்கு விஷயம் தெரியும். ஓதெத்திடம் யாரும் சொல்லவில்லை.

லபீபே கல்லுடைக்கும் தொழிலாளியின் மகள். சீதனமாக அவள் கொண்டுவந்தது ஓர் இரும்படுப்பு. விறகு போட்டு அறையைச் சூடாக்கும் அடுப்பு. நாலு கால், தலையில் காப்பிச் சட்டி வைக்க அகலமான தட்டு, பக்கத்தில் உருளைக்கிழங்கு சுட ஒரு சின்ன அறை. மலையேறிவந்த கோவேறு கழுதை அந்தப் பாரத்தால் இருமுறை படுத்துவிட்டதாம். கணவன் தன்னூஸ் ஆப்பிள் தோட்டக்காரன். சத்தமாகப் பேசத் தெரியாதவன். அண்ணன் நஸீஃப் மனைவி ஓதெத்தோடு மேல்மாடியில், தம்பி தன்னூஸ் கீழே. லபீபேயின் ஒரே மகள் ஹயாத் மணமாகி மொன்றியாலுக்குப் போனாள். மகள் பெயரால் ஊர் லபீபேயை 'உம் ஹயாத்' என்று அழைத்தது. மகன் பெயரால் நஸீஃப் 'அபு ரமீஸ்'.

பனிக்காலத்தில் ஊர் அவள் வீட்டில்தான் கூடும். எந்த வீட்டு அடுப்பு நன்றாக எரிகிறதோ அங்கேதான் மாலையில் நாற்காலிகள் போய்ச்சேரும். அது அழைப்பு வைத்து நடப்பதல்ல. பாதிரியார் வருவார், எதிர்வீட்டார் வருவார்கள், மேலேயிருந்து நஸீஃப் இறங்கி வந்து அடுப்புக்கு மிக அருகில் உட்காருவான். அவனிடம் டீசல் கணப்பு இருந்தது. டீசல் விலை மலையேறிய பிறகு அதற்குத் தீனி போட முடியவில்லை.

தன்னூஸ் ஒரு இலையுதிர்காலத்தில் மாரடைப்பில் இறந்தான். நாற்பதாம் நாள் பூசைக்கு லபீபே கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அடுப்பு இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் நாலு கால்களின் தடம். சுவரில் புகைக்குழாய் நுழைந்த ஓட்டையில் ஏதோ துணி திணிக்கப்பட்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள். தன்னூஸின் கம்பளி உள்சட்டை. அன்றுதான் அவள் துவைத்துக் கயிற்றில் போட்டிருந்தாள்; கைக்குக் கிடைத்ததை எடுத்து அடைத்திருக்கிறான் நஸீஃப்.

அவள் அந்தச் சட்டையோடேயே மேலே போனாள்.

"அடுப்பு எங்க, அபு ரமீஸ்?"

"இங்கதான் இருக்கு, எங்க போயிடும்? வீட்டுச் சாமான் வீட்டுலதானே இருக்கு. நீ ஒத்த ஆளு, உனக்கு ரெண்டு போர்வை போதாதா? குளிர்னா மேல வா. உன்னை யாரு வேண்டாம்னா?"

"அது எங்க அப்பன் கொடுத்தது."

"உங்க அப்பன் இந்த வீட்டுக்குக் கொடுத்தாரு. இந்த வீட்டுக்கு இப்ப நான்தான் பெரியவன்."

ஓதெத் உள்ளேயிருந்து, "கதவைச் சாத்துங்க, சூடு வெளிய போகுது" என்றாள்.

அந்தக் குளிர்காலம் லபீபே மூன்று போர்வைக்குள் படுத்துக்கொண்டு தலைக்குமேல் நாற்காலிகள் நகரும் சத்தத்தைக் கேட்டாள். பாதிரியாரின் இருமல், கொட்டை உடைக்கும் சத்தம், நஸீஃபின் சிரிப்பு. தன் அடுப்பின் கதவு 'கிறீச்' என்று திறக்கும் ஒலியை அவள் தனியாக அடையாளம் கண்டாள். ஒருநாள்கூட மேலே போகவில்லை. மகள் தொலைபேசியில் "அம்மா, இங்க வந்துடேன்" என்று கெஞ்சினாள். "வர்றேன். ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றாள்.

வேலை என்னவென்று வசந்தத்தில்தான் அவளுக்கே தெளிவானது. பனி உருகி, கூரையைச் சரிபார்க்க மேலே ஏறியவள் புகைபோக்கியைப் பார்த்தாள். ஒன்றே ஒன்று. மாமனார் வீட்டைப் பிரித்தபோது எல்லாவற்றையும் பிரித்தார்: தோட்டத்தை வரப்புப் போட்டு, கிணற்றை முறை வைத்து, முசுக்கொட்டை மரத்தைக் கிளை கிளையாக. புகைபோக்கியை யாரும் பிரிக்கவில்லை. அப்போது அடுப்பு ஒன்றுதான்; மேல்மாடியில் சும்மா ஓர் ஓட்டை. சுவருக்குள் இருவருக்கும் பொதுவாக அந்தத் துவாரம் அடியிலிருந்து உச்சிவரை போனது.

அவள் ஸஹ்லே நகரத்துக்குப் பேருந்து ஏறினாள். அங்கே ஹோவ்செப் என்ற ஆர்மேனியக் கிழவரின் அடுப்புக்கடை.

"என்ன மாதிரி பாக்கறீங்க, உம்மா? கண்ணாடிக் கதவு வச்சது இருக்கு, நெருப்பு தெரியும், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கும். தகர அடுப்பு இருக்கு, சட்டுனு சூடாகும், சட்டுனு ஆறும், புருஷன் மாதிரி. வார்ப்பிரும்பு இருக்கு. உங்க அறை எவ்வளவு பெரிசு?"

"அறையை விடுங்க. எது நல்லா இழுக்கும்?"

"எதை?"

"புகையை. எது அதிகமா மேல தள்ளும்?"

ஹோவ்செப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் எது சூட்டை உள்ள வச்சிருக்கும்னு கேப்பாங்க. இதோ, இந்த வார்ப்பிரும்பு அடுப்புக்குள்ள புகை வளைஞ்சு வளைஞ்சு போகும். சூடு முழுக்க உங்களுக்கு. அதோ மூலையில கிடக்கே, அது தொண்டை அகலம், வழி நேர். பேய் மாதிரி இழுக்கும். பாதிச் சூடு வானத்துக்குப் போயிடும். விறகைத் தின்னும். யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"அதைக் கட்டுங்க."

"உம்மா, நீங்க குளிர்ல நடுங்குவீங்க."

"பழகிடுச்சு. ஒரே புகைபோக்கியில கீழ இது, மேல இன்னொண்ணு இருந்தா என்ன ஆகும்?"

கிழவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கீழ இருக்கறது குழாயை நிறைச்சுடும். மேல இருக்கறவன் புகை போக வழியில்லாம அவன் அறைக்குள்ளேயே கவிழும். யாரு மேல?"

"புருஷனோட அண்ணன்."

"கவனமா கேளுங்க. கண்ணுக்குத் தெரியற புகை இருமல் தரும். தெரியாத புகை இருமல்கூடத் தராது. தூங்கறவன் தூங்கினபடியே போயிடுவான். மேல ஆளு படுத்தப்புறம் உங்க அடுப்புல ஒரு கங்கு இருக்கக் கூடாது."

"எனக்கு அவன் உசிரோட வேணும், ஹோவ்செப். செத்துட்டா எப்படி வந்து கெஞ்சுவான்?"

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். "பகை தீர்ந்தப்புறம் கொண்டாங்க. மாத்தித் தர்றேன்."

அடுப்பு லாரியில் வந்து இறங்கியதை நஸீஃப் மாடியிலிருந்து பார்த்தான். சன்னல் வழியாகக் குழாயை நீட்டிக்கொள்வாள் என்று நினைத்தான். சட்டையை உருவினாலும் குளிருக்குப் பயந்து ஓட்டையை வேறு துணியால் அடைத்தே வைத்திருப்பாள் என்பது அவன் நம்பிக்கை. லபீபே தன்னூஸின் சட்டையைத் துவைத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்திருந்தாள். புதுக் குழாயை அந்த ஓட்டையிலேயே நுழைத்தாள்.

கோடை முழுக்கக் கருவாலி விறகை அடுக்கிக் காயவைத்தாள். முதல் குளிர் வந்ததும் தொடங்கினாள். மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டால் அடுப்பை மூட்டுவாள். சற்று நேரத்தில் இருமல். பிறகு சன்னல்கள் படபடவென்று திறக்கும். "ஈர விறகைத் தலையில கட்டிட்டான்!" என்று நஸீஃப் விறகுக்காரனைத் திட்டினான், அவனோடு சண்டை போட்டு வேறு ஆளிடம் வாங்கினான். பிறகு குழாயில் பறவைக் கூடு என்றான். ஆள் வைத்துத் துடைக்கச் சொன்னான். துடைக்க வந்தவன் பகலில் வந்தான். அப்போது கீழே அடுப்பு அணைந்திருந்தது. புகை நேராகப் போனது. "குழாயில ஒண்ணுமில்ல, அபு ரமீஸ். உங்க அடுப்புக்கு உங்களைப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்து நாற்காலிகள் ஓய்ந்ததும் லபீபே கங்குகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தகரவாளியில் போட்டு முற்றத்துப் பனியில் கொட்டுவாள். அவை சீறி அணையும். அவளிடம் நல்ல அடுப்பு இருந்தது, காய்ந்த விறகு இருந்தது. மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டுதான் படுத்தாள். ஆனால் அந்த நடுக்கத்தில் ஒரு சுவை இருந்தது. போன வருடம் அது இல்லை.

பார்பரா புனிதரின் திருநாள் வந்தது. அவித்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்தும் போட்டு ஊர் உண்ணும் மாலை. ஓதெத் பெரிய அண்டாவில் அவித்து, ஊரையே மேலே அழைத்திருந்தாள். லபீபே யாரையும் அழைக்கவில்லை. தானும் ஓர் அண்டா அவித்தாள். மேலே வாழ்த்துச் சத்தம் கேட்டதும் அடுப்பின் வாய்கொள்ளும் மட்டும் கருவாலியைத் திணித்தாள்.

முதலில் இறங்கி வந்தவர் பாதிரியார்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே படியில் நின்றார். "உம் ஹயாத், மேல நரகத்தோட ஒத்திகை நடக்குது. உள்ள வரலாமா?"

"உங்க நாற்காலி அங்கேயே இருக்கு, சாமி."

பின்னால் எதிர்வீட்டார், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒரு பெண் கையிலிருந்த கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "ஓதெத்தோட கோதுமை சுருட்டு மாதிரி மணக்குது" என்று வாசலிலேயே வைத்துவிட்டாள். அறை நிறைந்தது. கடைசியாக நஸீஃப் வந்தான். கண்கள் சிவந்து, மீசையில் கரி. உள்ளே வந்தவன் பார்வை அடுப்பில் தொடங்கி, குழாய் வழியே ஏறி, சுவர் ஓட்டையில் நின்றது. அவன் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள்.

லபீபே எழுந்து முறைப்படி காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கினான், குடிக்கவில்லை, முன்னாலிருந்த முக்காலியில் வைத்தான். எல்லோரும் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். ஒரு காரியம் கேட்டு வந்தவன் காப்பியைத் தொடாமல் வைத்தால், 'கொடு, அப்புறம் குடிக்கிறேன்' என்று பொருள். காப்பி ஆறுவதற்குள் வீட்டார் இணங்க வேண்டும். ஆறவிட்டால் தலைமுறைக்கும் பேச்சு, வீட்டுக்குத்தான் அவமானம். நஸீஃப் இதை யோசித்துத்தான் ஊர் முன்னால் வைத்தான்.

"உன் குழாயை எடுத்துடு, உம் ஹயாத்," என்றான். "இது எங்க அப்பா கட்டின புகைபோக்கி."

"பெரிய மனுஷன் கேக்கறாரு," என்று பாதிரியார் மெல்லச் சொன்னார். "காப்பி ஆறுது, மகளே. மன்னிச்சு விடு."

"மன்னிப்புக்கு ஞாயித்துக்கிழமை இருக்கு சாமி. இன்னிக்குப் பார்பரா."

அவள் முக்காலியிலிருந்து நஸீஃபின் காப்பிக் கோப்பையை எடுத்தாள். அடுப்பின் தலையில் வைத்தாள். கோப்பையிலிருந்து ஆவி எழுந்தது.

"நிதானமா பேசுங்க, அபு ரமீஸ். இந்த அடுப்பு மேல காப்பி ஆறாது. விடியறவரைக்கும் பேசலாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பாதிரியாரே சிரித்தார். சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார். நஸீஃப் கோப்பையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். இறங்கி வந்தவர்களில் ஒருவர்கூட மேலே போக எழவில்லை.

"என்னதான் வேணும் உனக்கு?"

"என் அடுப்பு கீழ வரணும். ஆள் வச்சு இல்ல, உங்க முதுகுல. ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்ற நேரத்துல. என் வீட்டுக்காரருக்குப் பூசை நடந்த நேரத்துலதானே எடுத்துட்டுப் போனீங்க."

"சரி."

"மேல அந்த ஓட்டை திறந்து கிடக்கும். அதை அடைக்கணுமே." அவள் அவன் மார்பைப் பார்த்தாள். மேலங்கிக்குள் கம்பளி உள்சட்டை தெரிந்தது. "கழட்டுங்க."

"இங்கேயா?"

"செத்தவனோட சட்டையால அடைச்சீங்க. உயிரோட இருக்கறவருக்குக் கூச்சமா?"

அவனைத் தேடி இறங்கி வந்த ஓதெத் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நஸீஃப் முதுகைத் திருப்பிக்கொண்டு மேலங்கியைக் கழற்றினான், உள்சட்டையைக் கழற்றினான், மேலங்கியை மறுபடி மாட்டிப் பொத்தான்களைப் போட்டான். கையில் சட்டையோடு நின்றவனிடம் லபீபே கோப்பையை எடுத்துக் கொடுத்தாள். சூடு விரலைச் சுட்டது. குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்றபடி ஊர் பார்த்தது. நஸீஃப் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு, பனி படிந்த வெளிப்படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினான். கடைசிப் படியில் அடுப்பின் கதவு தானாகத் திறந்து கிறீச்சிட்டது. லபீபே அதை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அவர்களுக்குச் சூடு கொடுத்த அடுப்பு அது. முற்றத்து மூலையில் வைக்கச் சொன்னாள். கிழங்கு சுடும் அறைக்குள் இப்போது கோழி முட்டையிடுகிறது.

மறுவாரம் அவள் ஸஹ்லேக்குப் போனாள்.

"கெஞ்சினானா?" என்றார் ஹோவ்செப்.

"சட்டையைக் கழட்டினான்."

"அப்ப இப்ப எது வேணும், சூட்டுக்கா, பகைக்கா?"

"சூட்டுக்கு. வளைஞ்சு வளைஞ்சு போகும்னீங்களே, அது."

புது அடுப்பு வந்த அன்று அவள் கங்குகளை வெளியே கொட்டவில்லை. மேல் ஓட்டை அடைபட்டிருந்தது. அதை அவளே ஏறிப் போய்க் கைவைத்து அழுத்திப் பார்த்திருந்தாள். ஒரே போர்வையில் படுத்தாள்.

மாலைகளில் நாற்காலிகள் கீழேதான் கூடுகின்றன. டீசல் தீர்ந்த நாட்களில் நஸீஃபும் வருவான். அவனுக்கென்று ஓர் இடம் உண்டு. கதவோரம், காற்று நுழையும் பக்கம். கால் வலி என்று ஓதெத் இறங்கி வருவதில்லை. அவளுக்காக லபீபே அடுப்பில் செஸ்ட்நட் கொட்டைகளைச் சுட்டு, தோலில் கீறிய வாய் விரியும்வரை பார்த்திருந்து எடுத்து, தட்டில் அடுக்குகிறாள். தட்டைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுகிறாள். பேச்சு முடிந்து எல்லோரும் எழும்போது, கொட்டைகள் ஆறிக் கல் மாதிரி ஆகிவிட்டனவா என்று ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தட்டை நஸீஃபின் கையில் கொடுக்கிறாள்.

"சூடா இருக்கும்போதே குடுத்துடுங்க, அபு ரமீஸ்."