நல்லக்கண்ணு அண்ணாச்சி அறிவித்த சாவு

சங்கரன்கோவிலில் ஆட்டோவில் மைக் கட்டிப் பேசுகிற நல்லக்கண்ணு அண்ணாச்சியின் குரல் படாத காது கிடையாது. இருபது வருஷமாக ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் ஊர்ச்சாவுகளையும் அந்தக் குரல்தான் சொல்கிறது. "இன்னும் மூன்றே நாள்!" என்று ஆடி மாசம் முழுக்கக் கத்தினால் யார் நம்புவார்கள்? அதற்காக அவரை நாங்கள் ஓட்டாத ஓட்டு இல்லை.

அவர் குடியிருப்பதும் எங்கள் ஓடைக்கரைத் தெருவில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழி முதல் நாள் மத்தியானம், தாலுகா ஆபீஸில் கொடுத்த ஒரு தாளை மைக்கில் வாசித்துக்கொண்டு வந்தார். அதிகனமழை பெய்யும், தாழ்வான தெருக்காரர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றது தாள். மூன்று சுற்று வந்தார். ஒரு கதவு அசையவில்லை.

ஆடு வளர்க்கிற இசக்கிப்பாண்டி வாசலில் நின்றபடியே, "என்ன அண்ணாச்சி, மழைக்கும் தள்ளுபடியா? கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்ல, கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லன்னு சும்மாவா சொன்னாவ?" என்றான். தையல் மெஷினை விட்டு எழும்பாமல் நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கே மலையில் பெய்த மழையில், தெருவுக்கு மேலே இருக்கிற குளத்துத் தண்ணீர் கரை விளிம்பைத் தொட்டு நிற்பதை வரும் வழியில் பார்த்திருந்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சோக இசை கேட்டது.

"துக்க அறிவிப்பு. ஓடைக்கரைத் தெரு, மைக் செட் நல்லக்கண்ணு அவர்கள் இன்று அகால மரணமடைந்தார். அன்னாரது உடல் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது."

பேசுவது அவரேதான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. சாவு என்றால் காது பெயரைத்தான் பிடிக்கிறது. கல்யாணத்துக்குப் போகாத பகையாளிகூட எங்கள் தெருவில் சாவுக்குப் போய்விடுவான். போட்டது போட்டபடி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லோருக்கும் முன்னால், மாரில் அடித்துக்கொண்டு, அவர் சம்சாரம் ஆறுமுகத்தாய் மயினி ஓடினார்.

மேட்டில் அண்ணாச்சி ஆட்டோவிலிருந்து உயிரோடு இறங்கினார். மயினி விட்ட அறையில் அவர் மூக்குக்கண்ணாடி தெறித்தது.

"என் காது கேக்க இப்படியா சொல்லுவீரு?"

"வேற எதுவும் உங்க யாரு காதுலயும் ஏறலியே" என்றார் அண்ணாச்சி.

இசக்கிப்பாண்டி அவர் சட்டையைப் பிடித்தான். அந்தப் பிடியை விடுவதற்குள் குளம் உடைந்த சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் பதினாலு வீடு விழுந்தது. ஆள் ஒருவர் குறையவில்லை. இசக்கிப்பாண்டியின் ஆடுகள்தான் போயின.

நாங்கள் திருந்தியிருப்போம் என்றுதானே நினைப்பீர்கள்? இந்த மார்கழியிலும் ஒரு தாள் வந்தது. மறுபடி மூன்று சுற்று. "அது நூறு வருசத்துக்கு ஒருக்க வார மழை அண்ணாச்சி. கரையத்தான் ஒசத்திக் கட்டியாச்சே" என்றான் அதே இசக்கிப்பாண்டி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் கடையை அடைத்துவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்தேன். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அதையே சொல்லிப் பாருங்க" என்றேன்.

அவர் சோக இசையைப் போட்டார். "துக்க அறிவிப்பு" என்றதுமே தெருவில் சிரிப்புக் கேட்டது. "மறுபடியும் செத்துட்டீரா?" என்று யாரோ கத்தினார்கள். ஒருவரும் வாசலை விட்டு இறங்கவில்லை.

அண்ணாச்சி மைக்கை அணைத்தார். முதல் துளிகள் ஆட்டோக் கூரையில் விழுந்தன.

"எங்கிட்ட ஒரு சாவுதான் டெய்லரே இருந்துச்சு" என்றார். "அதத்தான் சொல்லிட்டேனே."