நெட்டைப் பின்கள்

பாறசாலையில் பம்பை மூடும் வார்ப்பிரும்புக் கவர் கடையும் பட்டறை ஒன்றில் வேதமாணிக்கம், அளவு சோதிக்கும் கேஜ் செய்கிறவர். பொன்மலை ரயில்வே பட்டறையில் பழகிய கை. வாய் மட்டும் அபூர்வமாகத்தான் திறக்கும். கவருக்கு நாலு துளை. ஒவ்வொன்றாக அளந்து என்ன பிரயோசனம்? நாலும் சேர்ந்து பம்பில் உட்காருமா, அதுதானே கேள்வி! அதனால் பம்புக்குப் பதிலாக ஓர் இரும்புப் பலகையில் நாலு பின்களை நட்டார். துளை சிறுத்தாலும், இடம் சற்றுத் தப்பினாலும், அனுமதித்த அளவுக்குள் இருந்தால் கவர் பின்களில் வழுக்கிக் கீழே விழும். விழாவிட்டால் கழிவு. கெஞ்சலும் கொஞ்சலும் அந்தக் கேஜிடம் செல்லாது.

பின்களை நெட்டையாக வைத்ததற்குக் காரணம் அவருடைய தங்கை ரத்னபாயின் புருஷன் சுந்தரதாஸ். துளை போடும் பழைய மிஷினில் நின்றால் உடம்பு மொத்தத்தையும் இடப்பக்கமாகச் சாய்த்து அழுத்துவான்; சில சமயம் துளையும் சாய்ந்துவிடும். குட்டைப் பின்னில் அந்தக் கவர் விழுந்துவிடும், நெட்டையில் பாதியில் நிற்கும்.

"ஒனக்கு வேண்டித்தானாக்கும் மச்சினா இந்த நீளம்" என்று கேலி செய்வார்.

எல்லைப் போராட்டம் பற்றி எரிந்த ஐம்பத்துநான்கில், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற ஊர்வலத்துக்கு மார்த்தாண்டம் போன சுந்தரதாஸ் திரும்பவில்லை. போலீஸ் சுட்டதில் விழுந்த பிணங்களிலும் இல்லை, ஜெயிலிலும் இல்லை. ரத்னபாய் தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள்.

அவன் மிஷினில் இப்போது ராபின்சன் என்கிற புது ஆள் நின்றான். அவன் துளை போட்ட கவர்கள் சொத்துச் சொத்தென்று விழுந்தன. மழைக்காலக் காலை ஒன்றில் ஒரு கவர் பாதியில் நின்றது. வேதமாணிக்கம் குனிந்து பார்த்தார். இடப்பக்கச் சாய்வு. மறுநாளும் அதேதான். ராபின்சனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நான் நேராட்டுத்தான் போட்டேன், வேதப்புத்தகம் ஆணை" என்றான் ராபின்சன்.

சேதி கேட்டு ரத்னபாய் ஓடி வந்தாள். கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அவரு உண்டு அண்ணா! ஒளிச்சு வந்து போறாரு. இது அவருக்க கைதானே?"

பார்க்கப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வேதமாணிக்கம் மிஷினைப் பிரித்துப் பார்த்தார். கவரைத் தாங்கும் மேசையின் போல்ட்டு தளர்ந்து, மேசை சாய்ந்திருந்தது. முறுக்கி, மூலமட்டம் வைத்துச் சரிபார்த்தார். கவர்கள் ஒழுங்காக விழுந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்கு நடந்தார்.

"மேசைக்க போல்ட்டு எளகிக் கெடந்ததாக்கும் மக்கா. அவன் வரேல்ல. இனி வரவும் மாட்டான்."

அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் நினைவு ஆராதனை நடந்தது. வெள்ளைச் சேலையில் வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. ராபின்சன் வேதமாணிக்கத்தின் பக்கத்தில்தான் நின்று பாடினான். பட்டறையின் ஒரே சாவி அவர் மடியில் இருந்தது.

திங்கட்கிழமை அவரே பூட்டைத் திறந்தார். கேஜின்மேல் ஒரு கவர் பாதியில் நின்றது. அதே இடப்பக்கச் சாய்வு.

மேசை இம்மி பிசகவில்லை. மிஷினின் அடியில் கவரைத் துளைத்த வார்ப்பிரும்புப் பொடி. மழைக்காலத்தில் ஒரே இரவில் அது துருவேறிச் சிவந்துவிடும். இதுவோ இப்போதுதான் உதிர்ந்ததுபோல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"சுந்தரதாசே" என்று கூப்பிட்டார். உயிரோடு வந்தானா, வேறு மாதிரி வந்தானா? எதைப் போய்ச் சொல்வது? இனி வரமாட்டான் என்று சொன்னது இந்த வாய்தானே. இன்னொரு முறை அவளை நம்பவைத்து, இன்னொரு முறை தாலி கழற்றவைக்க அவரால் முடியாது.

ராபின்சன் வருவதற்குள் பின்களை உருவினார். சாணையில் பாதியாக வெட்டி மறுபடி அடித்து இறக்கினார். அந்தக் கவரை எடுத்து மேலே வைத்தார்.

எங்கும் தட்டாமல் அது விழுந்தது. வேதமாணிக்கம் வாய்விட்டு அழுதார்.