நாட்டோ சாப்பிட முடியாத ஷிஹோ

எங்கள் ஓஅராய் கடற்கரையில் ஷிஹோவைத் தெரியாத அலைச்சறுக்குக்காரர்கள் கிடையாது. விடியும் முன்பே பலகையோடு கடலில் இறங்கிவிடுவாள். கரையேறி, தலைமுடி சொட்டச் சொட்டப் பட்டறைக்கு வந்து, சுடுசோற்றில் நாட்டோவைக் கொட்டிக்கொண்டு உட்காருவாள். வேகவைத்த சோயாவை வைக்கோலில் பொதிந்து, நூல் நூலாக இழுக்கும் வரை புளிக்கவைத்து நாட்டோ ஆக்கும் தொழில் அவள் அப்பா தொகுஜியுடையது. நான் அங்கே சோயா அவிக்கிறவள்.

அவள் கைகால்களில் எப்போதும் ஜெல்லிமீன் கொட்டிய சிவப்பு வரிகள் இருக்கும். "எரியலையாடி?" என்று கேட்டால், "இதெல்லாம் கடல் குடுக்கற முத்தம், ஃபுமி அக்கா" என்பாள்.

ஓர் இலையுதிர்காலச் சாயங்காலம், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் உள்ளங்கையைச் சொறிந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. என் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்து ஊசி போட்டதால் பிழைத்தாள்.

மதியம் தின்ற அயிலை மீன்தான் காரணம் என்றார்கள். மீனை விட்டாள். மறுபடி வந்தது. அப்புறம் இறாலை விட்டாள், கோதுமையை விட்டாள். மறுபடியும் வந்தது. இளைத்துப்போய், எதைத் தின்னவும் பயந்தாள். நாட்டோ மட்டும் உடம்புக்கு நல்லது என்று தொகுஜி ஒரு கிண்ணம் கூடுதலாகவே கொடுத்தார்.

கடைசியில் ஒவ்வாமை மருத்துவரான அராகி அம்மாவிடம் போனோம். அவர் அவள் கையிலிருந்த வரிகளைப் பார்த்துவிட்டு, "கடல்ல இறங்குவியாம்மா? காலையில என்ன சாப்பிடுவே?" என்றார்.

"நாட்டோ."

"அதுவா இருக்கலாம்."

தொகுஜியின் முகம் கறுத்தது. "டாக்டரம்மா, பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே என் நாட்டோ தின்னு வளந்தவ இவ. அதுவும் காலையில தின்னதுக்கு சாயங்காலமா வரும்?"

"ஆஸ்பத்திரியிலயே வெச்சு சாப்பிடச் சொல்லிப் பாத்துடலாம்."

"என் சரக்கையே கொண்டு வரேன். பாத்துடலாம்" என்றார் தொகுஜி.

கொண்டுவந்தார். காலையில் ஷிஹோ சாப்பிட்டாள். மதியம் ஒன்றுமில்லை. தொகுஜி வராந்தாவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பொழுது சாயும்போது ஷிஹோ மெதுவாக, "அப்பா, உள்ளங்கை அரிக்குது" என்றாள். ஊசியோடு தயாராக இருந்த நர்ஸ்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு தொகுஜி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்: "இத்தனை வருஷம் ஒத்துக்கிட்ட உடம்பு இப்ப ஏம்மா ஒத்துக்கல?"

"வாய் வழியா வர்றதை உடம்பு சோறுன்னு ஏத்துக்கப் பழகிடும். அதே பொருள் தோலைக் குத்திக்கிட்டு உள்ள வந்தா எதிரின்னு நெனைச்சுக்கலாம். ஜெல்லிமீன் கொட்டறப்போ உள்ள போற பொருள் ஒண்ணு நாட்டோவோட பிசுபிசுப்புலயும் இருக்கு. திரும்பத் திரும்பக் கொட்டுப்பட்டதுல உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. அந்தப் பிசுபிசுப்பு குடல்ல மெதுவாத்தான் கரையும். அதான் சாயங்காலம் வருது."

"கொட்டுப்பட்ட எல்லாருக்குமா வருது?"

"இல்லை. இவளுக்கு ஏன் வந்துச்சு, பக்கத்து அலையில போறவனுக்கு ஏன் வரலைன்னு கேட்டா எனக்கும் தெரியாது."

நாட்டோவை அடியோடு விட வேண்டும், இனியும் கொட்டுப்படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கழுத்திலிருந்து கால்வரை மூடும் உடுப்பு வாங்கிக்கொண்டு ஷிஹோ மறுபடி கடலுக்குப் போனாள். அதோடு நிற்கவில்லை. 'கடலில் இறங்குகிறவர்களுக்குக் காரணம் தெரியாமல் உடம்பு தடித்தால், காலையில் நாட்டோ சாப்பிட்டதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்' என்று எழுதிக் கடை வாசலில் ஒட்டினாள்.

பக்கத்துத் தோஃபுக் கடை கான்ஜி சிரித்தார். "என்னய்யா தொகுஜி, உன் கடைக்கு உன் பொண்ணே பூட்டுப் போடறா?"

தொகுஜி அந்தத் தாளைக் கிழித்து எடுத்தார். உள்ளே போய்த் தூரிகை எடுத்து, அதே வாசகத்தை இரு மடங்கு பெரிதாக எழுதிக்கொண்டு வந்தார்.

"அவ கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, எவனுக்குப் புரியும்?" என்று ஒட்டினார். கான்ஜியைப் பார்த்து, "என் சரக்கு நல்ல சரக்குய்யா. அது யாருக்கு ஆகாதுன்னு சொல்ல எனக்கென்ன பயம்?" என்றார்.

அடுத்த கோடையில் கஷிமாப் பக்கத்திலிருந்து முடிதிருத்துகிற ஒருவர் வந்தார். அவருக்கும் இதே கதைதான். இரண்டு முறை செத்துப் பிழைத்தவர். முன்பு அலைச்சறுக்க வந்தபோது வாசலில் இருந்ததைப் படித்துவிட்டுப் போய்ச் சோதித்துக்கொண்டாராம். ஷிஹோவுக்கு முன்னால் இடுப்பு வளைய வணங்கி நின்றார். அவள் வெட்கப்பட்டு, "உள்ள வாங்க, டீ குடிக்கலாம். டீ நமக்கு ஒத்துக்கும்" என்றாள்.

ஷிஹோ பட்டறையை விடவில்லை. ருசி பார்க்க முடியாது. கையுறை போட்டுக்கொண்டு, நூல் இழுபடுவதைக் கண்ணால் பார்த்தும் வாசனை பிடித்தும் பதம் சொல்லப் பழகினாள். வாய்க்கு நாங்கள் இருந்தோம்.

போன குளிர்காலம், நாட்டோக்காரர்களின் வருடாந்திரக் கூட்டத்தில் தொகுஜி எழுந்து, "எனக்கப்புறம் பட்டறைய நடத்தப் போறது என் பொண்ணு. அவ நாட்டோ தின்னமாட்டா" என்றார். கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "தின்னா செத்துடுவா. அது தெரிஞ்சும் தினம் அது முன்னாடிதான் நிக்கறா" என்றார். சிரிப்பு நின்றது. ஷிஹோ எழுந்து வணங்கினாள்.

என் பக்கத்திலிருந்த பெண்மணி குனிந்து, "உங்க பட்டறையா?" என்று கேட்டார்.

"எங்க பட்டறைதான்" என்றேன்.