மருத்துவமனை நாளில் மட்டும் இரண்டு மாத்திரை

பதின்மூன்று வயதில் எனக்கு மூட்டுவாதம் வந்தது. காலையில் முழங்காலை மடக்கவோ நீட்டவோ முடியாது. அம்மா பிடித்துக்கொண்டால்தான் குளியலறை வரை போக முடியும். மாதம் ஒருமுறை ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, சென்னையில் மருத்துவரைப் பார்க்கப் போவோம். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்தவர்கள் ஏறினால் நிற்கவும் இடமிருக்காது. அதனால் இரும்பாலையில் வேலை பார்க்கும் அப்பா, அன்று மட்டும் இரண்டு வலி மாத்திரை கொடுப்பார்.

"ஷிப்டுக்குப் போவ சொல்ல நாங்களே அப்பிடித்தான் போட்டுக்கினு போறோம்" என்பார்.

மருத்துவர் அறைக்குள் நானாகவே நடந்து போவேன். அவரும் மகிழ்ந்து, முக்கியமான மருந்தைப் பாதியாகக் குறைத்தார்.

பத்தாம் வகுப்பில் ஒருமுறை மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டோம். அன்று என்னால் மருத்துவமனை பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அப்பா தூக்கிக்கொண்டு போனார்.

"திடீர்னு என்னாச்சு?" என்றார் மருத்துவர்.

"தெனம் இப்பிடித்தான் சார். இங்க வர்ற அன்னிக்கி மட்டும் ரெண்டு மாத்திரை போட்டு இட்டுக்கினு வருவோம்" என்றார் அப்பா.

மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எக்ஸ்ரேயில் வலது மூட்டு தேயத் தொடங்கியிருந்தது. இன்னும் சில மாதங்கள் போயிருந்தால் கால் மடங்கியபடியே நீட்ட முடியாமல் போயிருக்கும் என்றார்.

இப்போது கல்லூரியில் படிக்கிறேன். வலி விட்டு விட்டு வருகிறது. எழுந்து நடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தினமும் காலண்டர் தாளில் குறித்து, அந்தத் தாள்களை மருத்துவரிடம் கொடுக்கிறேன். யார் விசாரித்தாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். அவரிடம் மட்டும் அப்படிச் சொல்வதில்லை.