திருத்தணிக்கு ஒரு சேவலோடு

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு கீரியும் பாம்பும், சிங்கமும் எருமையும் என்று ஏதாவது சண்டை வீடியோ பார்ப்பார். கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் முறத்தில் அள்ளி வெளியே விடுகிற மனுஷன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "சும்மா பாக்கறேன்" என்பார். அந்தச் சும்மாவுக்கு விளக்கம் தேடி நான் திருத்தணிக்குப் போகவில்லை. பொங்கல் கூட்டம் சேரும் முன் முருகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மார்கழிக் கடைசியில், ஒரு புதன்கிழமை கிளம்பினேன். அவருக்கு முட்டிவலி, வரவில்லை.

சென்ட்ரலில் ஆறரை வாக்கில் மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், தூரம் எண்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டேகால் மணி நேரம் ஆனது. அரக்கோணத்தில் பாதிப் பெட்டி காலியாகிவிடும், அதுவரை நிற்கத் தயாராக வாருங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே பொங்கல் வடை எழுபது ரூபாய். வடை அருமை. சாம்பாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மலைமேல் போக ஆட்டோக்காரர்கள் இருநூறு கேட்டார்கள். ஒருவர் மட்டும், "நானும் மேல போறவன்தான், நூறு குடுங்க மேடம்" என்றார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த கூடை அசைந்தது. உள்ளே கன்னங்கரேலென்று ஒரு சேவல், கால் இரண்டும் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. இடது கண் மூடிப்போயிருந்தது. மீதி ஒரு கண்ணால் என்னை முறைத்துக்கொண்டே வந்தது.

ஓட்டுநர் பெயர் ஏகாம்பரம். பள்ளிப்பட்டுக்காரர், வீட்டில் பவர்லூம், நாற்பது வயதிருக்கும். இது சண்டைச் சேவலாம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் தோப்புகளில் ஒளித்து நடத்துகிற பந்தயத்தில் இரண்டு முறை ஜெயித்திருக்கிறது, இரண்டாவது முறை கண் போய்விட்டது. இப்போது அவருடைய பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பொங்கலுக்கு மறுபடி இறக்க வேண்டும் என்று கேட்கிறார். அந்தப் பக்கம் காலில் கத்தி கட்டுவார்கள். ஒற்றைக் கண்ணோடு இறங்கினால் திரும்பி வராது. பாவாவிடம் முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அதனால் முருகனுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அதை உண்மையாக்க இன்று கூட்டிக்கொண்டு போகிறார்.

பாவா கோயிலுக்கே வந்து கேட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். சாமிக்கு விட்டதைக் கேட்டால் அக்காவே விளக்குமாற்றை எடுத்துவிடும் என்று சிரித்தார்.

ஆள் நல்லவராகத் தெரிந்ததால், சண்டை விடுவதில் அப்படி என்னதான் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டேன். கியரைக் குறைத்து ஒரு வளைவை ஏறி முடித்துவிட்டுச் சொன்னார்.

"நான் எல்லார்கிட்டயும் சரி சரின்னு போய்கினு இருக்கறவன் மேடம். பாவா, பைனான்ஸ்காரன், போலீசு, எல்லாருக்கும் சரிதான். இது யாருக்கும் சரின்னு சொன்னதில்ல. அது உள்ள நின்னுகினு இருக்கும்போது நானே நிக்கற மாதிரி இருக்கும்."

அடிபட்டால் என்று கேட்டேன். அடி அதற்குத்தானே படுகிறது என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதே பிடிக்காதவர் போல ஹாரனை அழுத்தினார். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

மேலே வண்டி நிறுத்துகிற இடத்தில் கூடையை இறக்கினார். கட்டோடு சாமிக்குக் கொடுக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. குனிந்து கயிற்றை அவிழ்த்தார். நாலடி தள்ளி மொட்டையடித்த குடும்பம் ஒன்று இதே காரியமாகச் சிவப்புச் சேவல் ஒன்றோடு வந்திருந்தது, அவர்களும் அவிழ்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. கழுத்து மயிர் விரிந்தது. அவ்வளவுதான்.

நொடியில் கூட்டம் வட்டம் கட்டிவிட்டது. அர்ச்சனைத் தட்டோடு ஒரு அம்மா, கழுத்தில் மாலையோடு புதுமணத் தம்பதி, எல்லார் கையிலும் போன். பிரிக்க ஒருவரும் போகவில்லை. கோபுரம் எடுக்க வெளியே எடுத்த என் போனும் எப்படியோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஏகாம்பரத்தைப் பார்த்தேன். காப்பாற்றக் கொண்டுவந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் பைனான்ஸ்காரனும் இல்லை, பாவாவும் இல்லை. உதடு மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

சிவப்பு சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தது. கருப்புக்கு அது தெரியவில்லை. ஒரே தாவு, பிடரியில் ஒரு கொத்து. அப்போதுதான் ஏகாம்பரம் பாய்ந்து கருப்பைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். முழங்கையில் நகம் கீறி ரத்தம் வந்தது. கூட்டமே "ச்சே" என்று சலித்துக்கொண்டது. அதில் என் ச்சேயும் இருந்தது, கொஞ்சம் சத்தமாகவே.

சேவலைக் கோயில் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கூடையோடு வந்தார். அதற்கப்புறம் அந்தச் சேவல் என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"வீடியோ எடுத்தீங்களா மேடம்?"

"ஆங்" என்றேன். ஆமாம் என்பதற்கு அந்த ஊர் வார்த்தை, அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அனுப்பச் சொன்னார். அங்கேயே நின்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

போகிறவர்களுக்கு: ஏறும்போது ஆட்டோ, இறங்கும்போது படி, மூச்சுக்கு அதுதான் நல்லது. செவ்வாயும் கிருத்திகையும் வேண்டாம். எனக்குப் பொது தரிசனம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பையில் வாழைப்பழம் வெளியே தெரியக்கூடாது, குரங்குகள் உண்டு. எல்லாம் சேர்த்து எனக்கு முந்நூறு ரூபாய்க்குள் ஆனது.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். சத்தத்தைக் கூட்டி வைத்து, கண்ணெடுக்காமல் கடைசிவரை பார்த்தார்.

"முடியற நேரத்துல பக்கத்துலயே ஒரு பொம்பள 'ச்சே'ங்குதே, யாரு அது?"

"யாரோ" என்றேன்.